பரங்கியும் சந்நியாசியும்: மதுரை மிஷன் எழுப்பிய கேள்வி

1606 நவம்பரில் ராபர்ட் டி நொபிலி மதுரைக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது 29. ரோமாபுரியில் வசதியான பிரபுக் குடும்பத்தில் பிறந்து, சேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையில் சேர்ந்து, கோவா வழியாக வந்தவர். மதுரையில் அவருக்கு முன்பே ஒரு பாதிரியார் இருந்தார். கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துக்கல்காரர். துறவியாகும் முன் சிப்பாயாக இருந்தவர், நேர்மையானவர், உழைப்பாளி. ஒரு சின்னக் கோவில், ஒரு பள்ளிக்கூடம், நோயாளிகளுக்கு ஒரு வைத்தியசாலை என்று பதினோரு ஆண்டுகளாக நடத்தி வந்தார். பள்ளிக்குப் பிள்ளைகள் வந்தார்கள், மருந்துக்கும் ஆட்கள் வந்தார்கள். ஆனால் அந்தப் பதினோரு ஆண்டுகளில் மதுரைக்காரர் ஒருவர்கூடக் கிறிஸ்தவராகவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் நின்றவர்கள் முத்துக்குளித்துறையிலிருந்து வியாபாரத்துக்காக வந்து தங்கிய பரவர்கள். அவர்கள் ஏற்கெனவே கிறிஸ்தவர்கள்.

காரணத்தைக் கண்டுபிடிக்க நொபிலிக்கு அதிக நாள் ஆகவில்லை. அது ‘பரங்கி’ என்ற ஒற்றைச் சொல்லில் இருந்தது.

பரங்கிக்காய், பரங்கிமலை, பரங்கிப்பேட்டை என்று அந்தச் சொல் நமக்கு இன்று எந்த உறுத்தலும் இல்லாமல் பழகிவிட்டது. அன்றைய மதுரையில் அப்படி இல்லை. பரங்கி என்றால் மாட்டுக்கறி தின்பவன், சாராயம் குடிப்பவன், ஒழுங்காகக் குளிக்காதவன், யாரோடும் தீட்டுப் பார்க்காமல் புழங்குகிறவன். பெர்னாண்டஸுக்கு அந்தச் சொல்லின் கசப்பு தெரியவில்லை. போர்த்துக்கீசியர் என்பதற்கும் கிறிஸ்தவர் என்பதற்கும் பொதுவான தமிழ்ச் சொல் என்றே நினைத்துவிட்டார். ஞானஸ்நானம் கேட்டு வருகிறவரிடம், பரங்கிக் குலத்தில் சேரச் சம்மதமா என்று கேட்கும் வழக்கமே இருந்தது. அந்தக் கேள்விக்கு மதுரையில் யார் சம்மதம் சொல்வார்கள்?

கடற்கரையில் நிலைமை வேறு. 1530களில் பரவர்கள் திரளாகக் கிறிஸ்தவர்களானபோது அவர்களுக்குப் போர்த்துக்கீசியக் கப்பல்களின் பாதுகாப்பும் கிடைத்தது. முத்துக்குளிப்பில் இருந்த பூசல்களுக்கு நடுவே அது பெரிய பலம். பெயரும் போர்த்துக்கீசியப் பெயரானது. தூத்துக்குடிப் பக்கம் பெர்னாண்டோக்களையும் ரொட்ரிகோக்களையும் இன்றும் பார்க்கலாம். மதுரையோ உள்நாட்டில், நாயக்கர் ஆட்சியில் இருந்தது. அங்கே பரங்கியின் பீரங்கிக்கு வேலை இல்லை. வந்தவர் தன்னுடைய நடத்தையாலும் பேச்சாலும் மட்டும்தான் நிற்க வேண்டும்.

நொபிலி பெர்னாண்டஸின் வீட்டை விட்டு வெளியேறித் தனியாகக் குடியேறினார். கறுப்பு அங்கியைக் கழற்றிவிட்டுக் காவி உடுத்தினார். காலில் பாதக்குறடு, கையில் தண்டமும் கமண்டலமும், நெற்றியில் சந்தனம். ஒரு நாளைக்கு ஒரே வேளை சாப்பாடு: சோறு, பால், காய்கறி. சமையலுக்குப் பிராமணர். சிலகாலம் பூணூலும் அணிந்தார், அதில் ஒரு சிலுவையைக் கோத்துக்கொண்டு. தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்டார். அப்புறம் தான் பரங்கி இல்லை, பரங்கி நாட்டில் பிறந்தவனும் இல்லை, ரோமாபுரியில் ராஜாக்களுக்கு நிகரான குடும்பத்தைச் சேர்ந்தவன் என்று எழுதி அறிவித்தார்.

இதை வெறும் வேடம் என்று ஒதுக்கிவிட முடியாது. வேடம் போடுகிறவர் இருட்டியதும் கலைத்துவிடுவார். நொபிலி சாகும்வரை அப்படியே வாழ்ந்தார். தமிழில் உரைநடை எழுதும் அளவுக்குத் தேறினார், தெலுங்கும் கற்றார். சிவதர்மர் என்ற தெலுங்குப் பிராமணரிடம் சமஸ்கிருதம் படித்தார். அந்த மொழியை ஆழமாகக் கற்ற முதல் ஐரோப்பியர்களில் அவர் ஒருவர். வேதத்தை அந்நியருக்குச் சொல்லிக்கொடுப்பது ஆசிரியருக்கு ஆபத்தாக முடியக்கூடிய காரியம் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அவரிடம் முதலில் மனம் மாறியவர் ஒரு பள்ளி ஆசிரியர். இருபது நாள் விவாதித்து, தன் கேள்விகளையெல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் சம்மதித்தார். பெர்னாண்டஸின் பதினோரு ஆண்டுகளில் அப்படி ஓர் உரையாடலுக்கே இடம் இருந்திருக்காது.

ஏறக்குறைய இதே சமயத்தில் சீனாவில் மத்தேயோ ரிச்சி என்ற இன்னொரு இத்தாலிய சேசு சபைத் துறவி இதே வழியில் போனார். 1583இல் உள்நாட்டுக்குள் நுழைந்தபோது பௌத்த பிக்குவைப் போல மொட்டையடித்து உடுத்திக்கொண்டார். சில ஆண்டுகள் கழித்துத்தான், அந்நாட்டு அரசாங்க வட்டாரத்தில் பிக்குகளுக்குப் பெரிய மதிப்பு இல்லை, கன்பூசிய நூல்களைக் கற்ற பண்டிதர்களுக்கே மதிப்பு என்று புரிந்தது. 1595இல் பண்டிதரின் பட்டு அங்கிக்கு மாறினார். அவருக்கு முன்னாலும் இரண்டு சீனாக்கள் இருந்தன. அவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். மதுரைக்கு வரும்போது இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

உடையைவிட நெடுநாள் நின்றது சொற்கள்தான். நொபிலிக்கு முன்பு கடற்கரையில் உழைத்த ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் அடிகளார் தமிழை மெய்யாகவே நேசித்தவர். 1578இல் கொல்லத்தில் அவர் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கம், ஆனால் இந்திய மொழி எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல். கடவுளுக்குத் ‘தம்பிரான்’ என்று அழகான சொல்லைப் போட்ட அந்தத் தலைமுறை, சடங்குகளுக்கும் கோட்பாடுகளுக்கும் போர்த்துக்கீசியச் சொற்களையே தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டது. கோவிலில் நடக்கும் முக்கிய வழிபாட்டுக்குப் போர்த்துக்கீசியத்தில் ‘மிசா’. தமிழ் நாக்கில் அது ‘மீசை’ ஆனது. கேட்கிறவர் என்ன நினைத்திருப்பார்? மேலுதட்டில் கையை வைத்துப் பார்த்திருப்பார்.

நொபிலி அதைப் ‘பூசை’ என்றார். கடவுளைச் ‘சர்வேசுரன்’ என்றார். ஞானஸ்நானம், குரு, வேதம் என்று ஒரு சொற்களஞ்சியத்தையே அவரும் அவர் வழியில் வந்தவர்களும் புழக்கத்தில் விட்டார்கள். எல்லாச் சொல்லிலும் பழைய வாசனை உண்டு, ஆபத்தும் உண்டு. பூசை என்றதும் கேட்பவருக்குத் தான் ஏற்கெனவே அறிந்த பூசைதான் நினைவுக்கு வரும். அந்த ஆபத்தை ஏற்றுக்கொண்டால் மட்டுமே மனிதர்களோடு பேச முடியும் என்று நொபிலி முடிவு செய்தார். இந்த இடத்தில் நான் முழுக்க அவர் பக்கம். கிராமத்துக் கத்தோலிக்கப் பாட்டிகள் ‘பூசைக்குப் போயிட்டு வந்தேன்’ என்று இன்றும் சொல்கிறார்கள். அந்தச் சொல்லை ஓர் இத்தாலியர் தேர்ந்தெடுத்தார் என்ற நினைப்பே யாருக்கும் வருவதில்லை. மொழிக்குள் வந்து சேர்வதற்கு இதைவிட என்ன அடையாளம் வேண்டும்? நூறு ஆண்டு கழித்து வந்த பெஸ்கி இன்னும் ஆழமாக இறங்கி, வீரமாமுனிவராகி, ‘தேம்பாவணி’யையும் ‘சதுரகராதி’யையும் கொடுத்துவிட்டுப் போனார். அவரைத் தமிழ்ப் புலவர் வரிசையில் வைத்துப் படிக்கிறோம், விருந்தாளி வரிசையில் வைப்பதில்லை.

சரி, பெர்னாண்டஸ் என்ன ஆனார்?

நொபிலியின் வீட்டுக்கும் கோவிலுக்கும் அவர் வெளிப்படையாகப் போய்வர முடியாமல் போனது. ஒரே சபை, ஒரே வேதம், ஒரே ஊர். ஆனால் பரங்கியோடு பழகினால் சந்நியாசியின் பெயர் கெடும். பெர்னாண்டஸின் கோவிலுக்கு வந்த பரவர்களும் நொபிலியின் கோவிலுக்கு வரக் கூடாது. நொபிலி இத்தாலியர் என்பதால் ‘நான் பரங்கி இல்லை’ என்றது சொல்லளவில் உண்மை. அந்த உண்மைக்குள் தன் சகோதரர் ஒருவரைக் கைவிடுவதும் இருந்தது. 1610இல் பெர்னாண்டஸ் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். பொறாமைக்காரக் கிழவரின் முணுமுணுப்பு என்று அதைப் பல வரலாறுகள் தள்ளிவிடுகின்றன. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1616இல் அவர் பிராமணர்களின் சடங்குகளைப் பற்றி ஒரு நீண்ட ஆய்வையே எழுதினார். பூணூல் சமய அடையாளம்தான் என்பதை அவர்களுடைய நூல்களை வைத்தே காட்டுவதற்காக எழுதியது. இன்று அது பழைய சடங்குகளை அறிய ஆய்வாளர்களுக்கு உதவும் ஆவணம்.

நொபிலியின் பதில் எளிமையானது. பூணூல், குடுமி, சந்தனம், குளியல் எல்லாம் ஒரு மனிதன் எந்தக் குலம், என்ன அந்தஸ்து என்று சொல்லும் சமூக அடையாளங்கள். சமயம் வேறு, சமூக வழக்கம் வேறு. ரோமாபுரியின் ஆதிக் கிறிஸ்தவர்களும் தங்கள் ஊர் வழக்கங்களில் பலவற்றை வைத்துக்கொண்டுதானே கிறிஸ்துவை ஏற்றார்கள்? 1619இல் கோவாவில் இதை விசாரிக்கக் கூட்டம் கூடியது. பேராயர் எதிர்த்தார். விஷயம் ஐரோப்பாவுக்குப் போனது. கடைசியில் 1623 ஜனவரி 31 அன்று திருத்தந்தை 15ஆம் கிரகோரி, மூடநம்பிக்கை கலக்காதவரை இந்த வழக்கங்களை வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தார். அதே ஆணையில் இன்னொரு வேண்டுகோளும் இருந்தது. உயர்குலம் என்று பெருமைப்படுகிறவர்கள் எளிய குலத்துக் கிறிஸ்தவர்களை இகழக் கூடாது, கோவிலில் வேதம் கேட்கும்போதும் தேவதிரவிய அனுமானங்கள் என்ற திருச்சடங்குகளைப் பெறும்போதும் இகழக் கூடாது என்றார் அவர். அனுமதியை மதுரை நினைவில் வைத்துக்கொண்டது. வேண்டுகோளை?

நொபிலியின் வாதத்தில் ஓட்டை இருக்கும் இடம் இதுதான். பூணூல் சமயச் சின்னம் இல்லை, குல அடையாளம் மட்டுமே என்று அவர் நிரூபித்தார். குல அடையாளம் குற்றமற்றதா என்று அவர் கேட்கவே இல்லை. ரோமாபுரியிலும் பிரபு, குடியானவன் என்று உண்டு, இங்கேயும் அதுபோல உண்டு என்று எடுத்துக்கொண்டார். தீட்டு என்ற ஒன்று அந்த ஒப்பீட்டில் விடுபட்டுப்போனது. மதுரையில் ஒரே பண்பாடா இருந்தது? தெருவுக்கு ஒன்று இருந்தது. அதில் எந்தத் தெருவின் பண்பாட்டை உடுத்திக்கொள்வது என்ற முடிவிலேயே, யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம், யார் வாசலுக்குப் போகலாம் என்பதும் முடிவாகிவிட்டது.

இந்தச் சிக்கல் உள்ளிருந்தவர்களுக்கும் தெரிந்தது. பிராமண சந்நியாசியாக இருப்பவர் ஒடுக்கப்பட்ட சாதி மக்களை வெளிப்படையாகச் சந்திக்க முடியாது. கிறிஸ்தவர்களாக வந்தவர்களிலோ பிராமணர்கள் மிகச் சிலர். அதனால் 1640இல் பல்தசார் டா கோஸ்டா ‘பண்டாரசாமி’ ஆனார். சைவப் பண்டாரங்களின் தோற்றமும் வாழ்க்கைமுறையும் கொண்ட துறவி. பண்டாரம் பிராமணர் அல்லாத எல்லாரோடும் ஓரளவு புழங்கலாம். மிஷன் வளர்ந்தது பெரும்பாலும் பண்டாரசாமிகளால்தான். 1693 பிப்ரவரி 4இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்டு இறந்த அருளானந்தரும் அந்த வழியில் வந்தவரே. ஆனாலும் பறையர் தெருவுக்குப் பாதிரியார் பகலில் போவது மற்ற வேலைகளைக் கெடுக்கும் என்ற பயம் தொடர்ந்தது. பூசை தனியாக, இடம் தனியாக என்று நடந்தது. சாகக் கிடக்கும் ஒரு மனிதருக்குக்கூடக் குருவானவர் வீட்டுக்குள் வராமல், நோயாளியை வெளியே தூக்கிவரச் செய்யும் நிலை இருந்தது. இதை எழுதும்போது எனக்கு வலிக்கிறது. தொழுநோயாளியைத் தொட்டவர் என்று இயேசுவைப் பற்றிப் பிரசங்கிக்க வந்தவர்கள் இவர்கள்.

திருத்தந்தையின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்நோன் என்பவர் 1704இல், மிஷனரிகள் ஏற்றுக்கொண்டிருந்த உள்ளூர் வழக்கங்களுக்கு எதிராக ஒரு தடை உத்தரவு போட்டார். மலபார் சடங்குச் சர்ச்சை என்று அது வரலாற்றில் பேர் பெற்றது. அதில் எச்சில் விவகாரம் ஒன்று உண்டு. அக்கால ஞானஸ்நானச் சடங்கில் குரு தன் எச்சிலைத் தொட்டு, ஞானஸ்நானம் பெறுபவரின் காதிலும் மூக்கிலும் வைப்பார். காது கேளாதவரை இயேசு குணமாக்கிய சுவிசேஷச் சம்பவத்தின் நினைவாக வந்த வழக்கம். எச்சில் என்பது நமக்கு என்ன என்று நமக்குத் தெரியும். அண்ணாந்து தண்ணீர் குடிக்கும் ஊர் இது. மிஷனரிகள் அந்தப் பகுதியைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டார்கள். தூர்நோன் அதைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார். அதே உத்தரவில், பறையர் வீடுகளுக்குள் போய் நோயாளிகளுக்குச் சேவை செய்ய வேண்டும் என்றும் கட்டளையிட்டார்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதில் வெளியூர் அதிகாரி இந்த ஊரின் அருவருப்பைப் புரிந்துகொள்ளவில்லை. இரண்டாவதில், இந்த ஊர் பழகிப்போனதால் பார்க்க மறுத்த ஒன்றை அவர் பார்த்தார். ஒரே மனிதர், ஒரே தாள். உள்ளூர்ப் பழக்கத்துக்கு இணங்குவது சரியா தவறா என்று மொத்தமாகக் கேட்டால் விடை கிடைக்காது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சியம் நான் கண்டதில்லை. எச்சிலை விட்டதால் யாருக்கும் நஷ்டம் இல்லை. வீட்டுக்குள் போகாததால் ஒரு மனிதர் தனியாகச் செத்தார். 1744இல் ரோமாபுரி இறுதி முடிவு சொன்னபோது, இங்கே வரும் ஒவ்வொரு மிஷனரியும் இதற்குக் கட்டுப்படுவதாகச் சத்தியம் செய்ய வேண்டும் என்று ஆனது. பறையர்களுக்கு என்று தனியாக மிஷனரிகளை வைக்கலாம் என்ற ஏற்பாடும் அதோடு வந்தது. சத்தியம் 1940 வரை நீடித்தது.

சீர்திருத்தச் சபையினரின், அதாவது புராட்டஸ்டன்டுகளின் கதை வேறு மாதிரி. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானிய லூத்தரன் பாதிரியார் சீகன்பால்கு, திண்ணைப் பள்ளி ஆசிரியரிடம் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து எழுத்துப் பழகினார். ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்தார். புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்தார், 1715இல் அது அச்சாகி முடிந்தது. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் எழுதி ஜெர்மனிக்கு அனுப்பிய நூலை, ஹாலே நகரத்து மேலிடம் அச்சிட மறுத்தது. அங்கே உள்ளதை ஒழிக்கத்தான் அனுப்பினோம், இங்கே பரப்புவதற்கு இல்லை என்ற தொனியில் பதில் வந்தது. அந்த நூல் 1867இல்தான் அச்சேறியது. ஓர் ஊரைப் புரிந்துகொள்கிற ஊழியர், அனுப்பி வைத்தவர்களின் கண்ணுக்கே அந்நியராகிவிடுகிறார்.

சாதி விஷயத்தில் பழைய லூத்தரன்களும் விட்டுக்கொடுத்துத்தான் போனார்கள். பிறகு வந்த ஆங்கிலிக்கர்கள், இங்கிலாந்துத் திருச்சபையினர், மறுபக்கம் திரும்பினார்கள். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதிப் பிரிவினையைத் தீர்மானமாக, உடனடியாக, முடிவாகக் கைவிட வேண்டும் என்று எழுதினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் ஏராளமானோர் சபையை விட்டு வெளியேறினார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், தமிழ்க் கிறிஸ்தவ இசையின் பெரும் ஆளுமை, இந்தப் புதிய மிஷனரிகளின் போக்கைக் கண்டித்து அதற்கு முன்பே எழுதியிருந்தார். எங்கள் வழக்கத்தை மதிக்காத வெளியார் என்பது அவர் குறை. மேடையும் கீர்த்தனையும் தெரிந்த ஒரு பெரிய கவிஞர் தன் பண்பாட்டைக் காக்க எழுந்தபோது, அதற்குள் இருந்த சாதியையும் சேர்த்தே காத்தார். அவர் பாடல்களை நேசிக்கிறவன் நான். அதனாலேயே இதைச் சொல்லாமல் தாண்டிப்போக மனம் வரவில்லை.

இந்தச் சிக்கல் கல்லிலும் எழும்பியிருக்கிறது. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டிய கத்தோலிக்கக் கோவிலுக்கு இரண்டு நீண்ட கூடங்கள். இரண்டும் பீடத்தருகே மட்டும் சேரும். மேலிருந்து பார்த்தால் கால்சட்டை மாதிரி இருக்கும். ஒரு காலில் வெள்ளாளர், மற்றதில் நாடார். இரு பக்கமும் பீடத்தைப் பார்க்கலாம், ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. 1910இல் பிரிப்புச் சுவர் இடிக்கப்பட்டது. வெள்ளாளர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள், சென்னை உயர் நீதிமன்றம் வரை போயும் தனி இடம் கிடைக்கவில்லை. சில ஊர்களில் கல்லறைத் தோட்டங்கள் இன்றும் சாதிவாரியாகப் பிரிந்தே கிடக்கின்றன.

சொற்களுக்கும் அதே கேள்வி திரும்பி வந்தது. சர்வேசுரன், ஞானஸ்நானம், வேதாகமம் எல்லாம் வடமொழி அந்தஸ்து தேடி எடுத்தவை. 20ஆம் நூற்றாண்டில் தனித்தமிழ் உணர்வு கோவிலுக்குள்ளும் வந்தது. ஞானஸ்நானம் திருமுழுக்கானது, பூசை திருப்பலியானது, வேதாகமம் திருவிவிலியமானது. 1606இல் தேர்ந்தெடுத்த சொல் 1970இல் செல்லுபடியாகவில்லை, ஏனென்றால் ஊரே தன்னைப் பற்றி வேறு மாதிரி நினைக்கத் தொடங்கிவிட்டது.

காவியும் திரும்ப வந்தது. 1950இல் குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் மோன்ஷானான், அபிஷிக்தானந்தர் என்ற இரண்டு பிரெஞ்சுத் துறவிகள் சாந்திவனத்தைத் தொடங்கினார்கள். காவேரிக் கரை, சந்தனம், ஆரத்தி, உபநிடத வாசிப்பு, தரையில் அமர்ந்த வழிபாடு. 1968 முதல் அங்கே பொறுப்பேற்ற பீட் கிரிஃபித்ஸைத் தேடி உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வந்தார்கள். அந்தத் தேடல் மெய்யானது. ஆனால் 1980களில் தலித் கிறிஸ்தவ இறையியலாளர்கள் நேராகக் கேட்டார்கள்: இந்தியப் பண்பாடு என்று நீங்கள் எடுத்துக்கொண்ட ஒவ்வொன்றும் எங்களை வெளியே நிறுத்தியவர்களிடமிருந்துதானே வந்தது? இந்தியக் கிறிஸ்தவர்களில் பெரும்பகுதி நாங்கள். எங்கள் வீட்டிலிருந்து என்ன எடுத்தீர்கள்?

மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் அந்தக் கேள்விக்கு ஒருவர் பாட்டாகப் பதில் சொன்னார். தியோபிலஸ் அப்பாவு அங்கே கற்பித்தவர், 2005இல் மறைந்தார். கர்நாடக ராகத்தில் கீர்த்தனை பாடிப் பழகிய சபைக்கு நாட்டுப்புற மெட்டில் ஒரு முழு வழிபாட்டு முறையை அமைத்தார். சாவு மேளம் என்று ஒதுக்கிய பறையை அந்த வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். கடவுளைச் சர்வேசுரன் என்றோ கர்த்தர் என்றோ அழைக்காமல், தாய்க்கும் தகப்பனுக்கும் பொதுவாகப் ‘பெத்தவரே’ என்று பாட வைத்தார். நொபிலி காவி உடுத்திக் குடுமியைக் குல அடையாளம் என்று வாதிட்ட அதே மதுரையில், மாணவர்கள் இவரை அழைத்த பெயர் ‘பரட்டை அண்ணன்’.